ஐயாக்கண்ணு போன வழியைக் கண்டுபிடித்தவர்கள்

செய்தி வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். ஏற்காட்டு மலை ஊரான கொட்டச்சேட்டில் மஞ்சு என்கிற மூடுபனி இறங்கி எதிர்வீட்டுக் கூரையை விழுங்கியிருந்தது. யாரும் ஓடிவந்து அலறவில்லை. செய்தி ஒரு கேள்வியாகத்தான் வந்தது. வேலம்மாளின் புருசனுக்கு அண்ணனான பெரியண்ணன் வேலிப்படலுக்கு வெளியே நின்றுகொண்டு, "ஏனம்மிணி, ஐயாக்கண்ணு ஊடு வந்துட்டானா?" என்று கேட்டார்.

வேலம்மாள் அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. "உங்களோடதானுங்களே மாமா வேலைக்குப் போனாரு? என்னையக் கேட்டா? நானென்ன மடியில முடிஞ்சு வெச்சிருக்கறனா?"

மற்ற நாளாக இருந்தால் பெரியண்ணன் சிரித்திருப்பார். அன்று சிரிக்கவில்லை. எஸ்டேட்டில் காப்பிச் செடியைக் கத்தரிக்கிற கவாத்து வேலை மத்தியானமே முடிந்துவிட்டது. தான் கடைக்குப் போக ரோட்டு வழியாகத் திரும்பியதாகவும், தம்பி நரிப்பள்ளத்துக் குறுக்கு வழியில் இறங்கியதாகவும் சொன்னார். குறுக்கு வழியில் வந்தவன் முந்தியே வந்து சேர்ந்து சாப்பிட்டுப் படுத்திருக்க வேண்டும். அப்போதுதான் வேலம்மாள் எழுந்து வெளியே வந்தாள்.

அவளுடைய வாய் ஊரறிந்தது. பிறந்தது நாகலூர். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், "மாப்பிள்ளைக்கு மீசை எப்ப வருமுங்க, அடுத்த பஸ்ஸுலயா?" என்று கேட்டவள். அப்படிக் கேட்ட பெண்ணைத்தான் கட்டுவேன் என்று ஐயாக்கண்ணு ஒற்றைக்காலில் நின்றான். காப்பி பறிக்கும்போது அவள் இருக்கிற வரிசையில் வேலை செய்யப் பெண்களுக்குள் போட்டி நடக்கும். மேஸ்திரியை, மேஸ்திரியின் பெண்டாட்டியை, எஸ்டேட் நாயை, யாரையும் விடமாட்டாள். அவளிடம் வசவு வாங்கியவர்களே அதை அடுத்த வரிசைக்குப் போய்ச் சொல்லிச் சிரிப்பார்கள். ஐயாக்கண்ணு அதிகம் பேசமாட்டான். அவள் பேசுவதைக் கேட்பதற்கென்றே வீட்டுக்கு வருகிறவன்போல வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வான்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. அவனுடையது மட்டுமல்ல, அந்தப் பக்கத்து ஊர்களில் மூத்தவர்கள் எல்லோருக்குமே உள்ளது. மஞ்சு இறங்கிவிட்டால் முதல் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லக்கூடாது. இரண்டாவதற்கும் கூடாது. காட்டில் திரிகிற மற்றதுகளும் மனிதக் குரலில் பேர் சொல்லிக் கூப்பிடும், ஆனால் அதுகளால் மூன்றாம் முறை கூப்பிட முடியாது என்பது கணக்கு. மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் மனிதன் "ஏன்?" என்று கேட்கவேண்டும். ஐயாக்கண்ணு இதில் கறார். சோறு வைத்துவிட்டு வேலம்மாள் வாசலிலிருந்து கூப்பிட்டால், பத்தடி தள்ளி ஆட்டைக் கட்டிக்கொண்டிருப்பவன் இரண்டு முறைக்கு வாயைத் திறக்கமாட்டான். "உன்னையப் பேயும் சீந்தாதுய்யா, வந்து தின்னு" என்று திட்டுவாள். ஆனாலும் மூன்று முறை கூப்பிடுவாள்.

அன்று தேடப் போனவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பெரியண்ணனும் ஊர்க்காரர்களும் ஓடைப்பக்கம் போனார்கள். ஆட்களுக்குப் பேர் பதிகிற எஸ்டேட் ரைட்டர் ஜேசுதாஸ், டிரைவரையும் வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கோடு நரிப்பள்ளத்துக்குப் போனார். மூவருமே சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர்கள். மறுநாள் காலையில் ரைட்டர் வந்து தலையை ஆட்டினார். "பள்ளத்துல கூப்புட்டுப் பாத்தாச்சும்மா. சத்தமே இல்ல. அங்க இல்ல அவன்."

வேலம்மாள் அதை நம்பினாள். ஊரும் நம்பியது. கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் ஆள் இல்லை, அவ்வளவுதான். முள்ளடர்ந்த உண்ணிப்புதர் கூரை வேய்ந்த மாதிரி மூடிக்கிடந்த பள்ளம் அது. பகலில் போனவர்கள் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, ரைட்டர் பார்த்த இடந்தானே என்று மேலே நடந்தார்கள். போலீசில் எழுதிக்கொடுத்தார்கள், அவர்களும் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். பிறகு மழை பிடித்துக்கொண்டது.

மழையோடு சேர்ந்து துப்பறிவாளர்களும் வந்தார்கள்.

முதலில் வந்தவர் கோவிந்தராஜ். ஏற்காடு டவுன் ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களைப் படகுக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடிக்கிற ஸ்டூடியோக்காரர். சொந்த ஊர் சேலம். மனித முகத்தைப் பார்த்தே மனசைச் சொல்லிவிடுவேன் என்பது அவர் நினைப்பு. அவர் எடுத்த படங்களில் பாதிப்பேர் கண்ணை மூடியிருப்பார்கள் என்பது வேறு விஷயம். அடிவாரத்தில் சாக்கில் சுற்றிய கவாத்துக் கத்தியோடு ஒருவன் சேலம் பஸ் ஏறினதைத் தனக்குத் தெரிந்த ஒருவர் பார்த்ததாக அவர்தான் வந்து சொன்னார். பெரியண்ணனும் பங்காளிகளும் வேலையைப் போட்டுவிட்டுச் சேலத்துக்கு இறங்கினார்கள். பஸ் ஸ்டாண்டிலும் மண்டிகளிலும் திரிந்தார்கள். சாக்கில் கத்தி சுற்றிக்கொண்டு போகிறவன் சேலத்தில் ஒருவனா? காய்ச்சலோடு திரும்பி வந்தார்கள். கோவிந்தராஜுக்கு அதில் வருத்தமில்லை. "அப்ப அவன் சேலத்துல எறங்காம ஈரோட்டுக்குப் போயிருக்கான்னு அர்த்தம்" என்றார்.

இரண்டாமவர் பாலசுப்பிரமணியம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் மெஸ் வைத்திருந்தார். மாதாமாதம் வருகிற துப்பறியும் கதைகளைக் கல்லாப்பெட்டிக்கு மேல் அடுக்கிவைத்துப் படிப்பவர். கொலைகாரன் யார் என்று பாதியிலேயே கண்டுபிடித்துவிடுவார். கடைசிப் பக்கம் வேறு மாதிரி சொன்னால், எழுதினவன் தப்புப் பண்ணிவிட்டான் என்பார். ஐயாக்கண்ணு விஷயத்தில் அவர் கண்டுபிடித்தது ஊரெல்லாம் பரவியது. பொய்க்குத்தான் கால் அதிகம். "பொண்டாட்டி வாய்க்குப் பயந்து ஓடிட்டான்யா. நாலு வார்த்த பேசாத மனுசன், அந்த வாயோட எத்தனை நாள் குப்ப கொட்டுவான்?"

இது கொட்டச்சேட்டுக்கு வந்து சேர்ந்தபோது வேலம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னவளை ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் வாய் அடங்கியது. ஒரு வருசம் காப்பி வரிசையில் தலை குனிந்து பறித்தாள். பக்கத்தில் இருக்கிறவர்கள் வேண்டுமென்றே மேஸ்திரியைப் பற்றி எடுத்துக்கொடுப்பார்கள். அவள் கூடையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விடுவாள். அவன் செத்தானா, பிழைத்தானா என்பது ஊருக்குக் கேள்வி. அவளுக்கு அதற்கும் முந்தின கேள்வி ஒன்று இருந்தது. என்னை விட்டுவிட்டுப் போனானா? சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் கேட்டானா, பொறுத்தானா?

அடுத்த வருசம் அவள் ஏற்காட்டுக்கு வந்து, யாருடைய வாய் அவள் வாயை அடைத்ததோ அந்தப் பாலசுப்பிரமணியத்தின் மெஸ்ஸிலேயே மாவாட்ட நின்றாள். பெரியண்ணன் வந்து கத்தினார். "ஏம்மிணி, வேற எடமே கெடைக்கலியா உனக்கு? சோத்துல மண்ணப் போட்டவன் ஊட்லயா போயி மாவாட்டுவ?"

"மலைக்கு வர்ற சேதியெல்லாம் பஸ்ஸுல வருது மாமா. பஸ்ஸுல வர்றவன் மொதல்ல அங்கதான் டீ குடிக்கறான். அவரப் பத்தி ஒரு சொல்லு வந்தாலும் எங்காதுல மொதல்ல உழுகட்டும்."

சேதி வரவில்லை. வந்ததெல்லாம் துப்பு. ஜேசுதாஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று டவுனுக்கே குடிவந்துவிட, மூன்று மேதைகளும் ஒரே மேசையில் சேர்ந்தார்கள். சீசன் இல்லாத மாதங்களில் மெஸ்ஸில் ஈ ஓட்டுகிற வேலைகூட இருக்காது, ஈயும் மலையிறங்கிவிடும். அப்போது அவர்களுக்கு ஐயாக்கண்ணுதான் பிழைப்பு. மறைவில் ஆட்டுக்கல்லுக்கு முன்னால் அவன் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்காகக் குரலைத் தாழ்த்தியது கிடையாது. வெளியூர் ஆள் யாராவது டீ குடிக்க வந்தால், "அந்தக் கேஸுல முக்கியமான சாட்சி நம்ம கடையிலதான் இருக்கு" என்று பாலசுப்பிரமணியம் கண்ணால் காட்டுவார். கடையில் பழைய கடிகாரம் ஒன்று இருந்தால் காட்டுவதுபோல.

இப்படிச் சில வருசம் போனது. அவர்களுக்கு அலுக்கவில்லை. ஒரு கார்த்திகை மாதம், தூறல் விழுந்துகொண்டிருந்த பிற்பகலில், கோவிந்தராஜ் சந்தனக்கட்டைப் பேச்சை எடுத்தார்.

"நான் சொல்றனுங்க அண்ணே. சந்தனக்கட்ட வெட்டறவன் எவனையோ பாக்கக்கூடாத எடத்துல பாத்துட்டான். முடிச்சுட்டாங்க."

"ஏப்பா, அந்த எஸ்டேட்டுல சந்தனமரம் எங்கப்பா இருக்குது?" என்றார் பாலசுப்பிரமணியம்.

"இல்லதான். அதான் சொல்றன், எல்லாத்தையும் வெட்டீட்டாங்க."

"நீ படம் புடிக்கறாப்புலயே துப்புத் துலக்கறப்பா. தலையில்லாம வருது. அவன் கொடகுல இருக்கான். மொளகு பறிக்கப் போயி அங்கியே ஒருத்தியக் கட்டீட்டான். ஊமச்சியா பாத்துக் கட்டியிருப்பான், அதுல சந்தேகமே வேண்டாம்."

மேசை குலுங்கச் சிரித்தார்கள். ஆட்டுக்கல் நிற்காமல் ஓடியது.

ஜேசுதாஸ் சிரிப்பு அடங்கக் காத்திருந்து தொண்டையைக் கனைத்தார். முப்பது வருசம் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்ட தொண்டை. "எனக்கென்னமோ சேர்வராயன் கோயில் கொகை மேலதான் சந்தேகம். அது காவேரி வரைக்கும் போவுதுன்னு சொல்றாங்க இல்ல?"

"அப்ப எந்தப் படித்துறையில கரையேறுனானுங்க ரைட்டரே? ஈரத்துணியோட நின்னுருப்பானே, ஒரு படம் புடிச்சிருப்பேனே!" என்றார் கோவிந்தராஜ்.

"நக்கல் பண்ணாத தம்பி. நீங்க ரெண்டு பேரும் வாயாலதான் தேடுனீங்க. நான் நேர்ல போனவன். அந்த மஞ்சுல, கை நீட்டுனா கை தெரியல. நரிப்பள்ளத்து ஓரத்துல நின்னு, 'ஐயாக்கண்ணூ'ன்னு ஒரு சத்தம் குடுத்தன் பாரு. ஒரே சத்தம். மலையே அதிர்ந்துது. காது இருக்கறவனுக்கு அது போதாதா? பதில் இல்ல. சரி, ஆள் இங்க இல்லைன்னு அப்பவே முடிவு பண்ணி விளக்கத் திருப்புன்னுட்டேன். நேரத்த வீணாக்கக்கூடாது பாரு, அதான் தேடறதுல முக்கியம்."

ஆட்டுக்கல் நின்றது.

நின்றது யாருக்கும் உறைக்கவில்லை. வேலம்மாள் மாவுக்கையோடு மறைவைத் தாண்டி வந்து மேசைக்கு எதிரே நின்றபோதுதான் பாலசுப்பிரமணியம் நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தன தடவ கூப்புட்டீங்க?"

"என்னம்மா?"

"பள்ளத்துல. எத்தன தடவ கூப்புட்டீங்கன்னு கேட்டனுங்க."

"ஒரு தடவதாம்மா. நல்லா உரக்கத்தான் கூப்புட்டேன்."

"ரெண்டாவது?"

"எதுக்கும்மா ரெண்டாவது?"

"மலையில முப்பது வருசம் சம்பளம் வாங்கியிருக்கறீங்க. மஞ்சுல ஒருத்தனக் கூப்புட்டா மூணாவது கூப்பாட்டுக்குத்தான் ஏன்னு கேப்பான்னு உங்களுக்கு யாருஞ் சொல்லலீங்களா?"

"ஆமா, என்னமோ பேய் பிசாசுன்னு சொல்வாங்க" என்றார் ஜேசுதாஸ். "அந்த மாதிரி நேரத்துல அதையெல்லாமா பாப்பாங்க?"

"அந்த மாதிரி நேரத்துலதானுங்க பாப்பாங்க."

கோவிந்தராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். "இரும்மா, இரு. அடிபட்டுக் கெடக்கறவன் வெளிச்சத்தப் பாத்தா அவனாவே கத்த மாட்டானா?"

"மூச்சிருந்தாக் கத்தலாமுங்க. இருக்கற கொஞ்ச மூச்ச, மூணாவது கூப்பாட்டுக்குன்னு புடிச்சு வெச்சுட்டுக் கெடந்திருந்தா?"

ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. பாலசுப்பிரமணியத்தின் முகம் மெல்ல மலர்ந்தது. கதைப் புத்தகத்தில் நல்ல திருப்பம் வந்தால் மலர்கிற அதே மலர்ச்சி.

"அடடா! இது புதுசா இருக்குதே! இத்தன வருசமா இத ஏம்மா சொல்லாம வெச்சிருந்த?"

"ஆனா அண்ணே, இதுனால அவன் அங்கதான் கெடந்தான்னு ஆகாது" என்று கோவிந்தராஜ் ஆரம்பித்தார். "இல்லைன்னும் ஆகாது பாருங்க. ரெண்டு பக்கமும் பேச எடம் இருக்குது."

"நான் கூப்புட்டதுல தப்பில்ல" என்றார் ஜேசுதாஸ். "முறையாத்தான் கூப்புட்டேன்."

வேலம்மாள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். அடைபட்டிருந்த வாய் அப்போதுதான் திறந்தது. "பேசுங்க. நல்லாப் பேசுங்க. பெத்தவ செத்தாலும் பொணத்தச் சுத்தி ஒக்காந்து, எந்தப் பக்கம் தல வெச்சுச் செத்தான்னு பேசற சாதி நீங்க. பேய்கூட ரெண்டு தடவ கூப்புடுமுங்க ரைட்டரே. நீங்க அதுக்கும் கீழ போயிட்டீங்க. ஏனுங்க மொதலாளி, என் வாய்க்குப் பயந்து ஓடிட்டாருன்னு சொன்னீங்களாமா. இந்த வாய் மூணு தடவ கூப்புட்டிருக்கும்."

மாவு பாதி அரைபட்டு ஆட்டுக்கல்லிலேயே கிடந்தது. அவள் நாகலூர் பஸ்ஸைப் பிடித்துக் கொட்டச்சேட்டுக்கே போய்விட்டாள்.

துப்பறிவாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை புளிச்சோறு கட்டிக்கொண்டு, ஒரு ஜீப்பை அமர்த்தி நரிப்பள்ளத்துக்குப் போனார்கள். ஒருவர் கீழே இறங்கி நிற்பது, மற்ற இருவர் மேலிருந்து கூப்பிடுவது, குரல் எட்டுகிறதா என்று சோதிப்பது என்று திட்டம். அட்டை ஏறும் என்று ஜேசுதாஸ் இறங்கவில்லை. முழங்கால் வலி என்று பாலசுப்பிரமணியம் இறங்கவில்லை. கேமரா நனையும் என்று கோவிந்தராஜ் இறங்கவில்லை. மூன்று பேரும் மேலே நின்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டுவிட்டு, சாப்பிட்டு, இலையைப் பள்ளத்துக்குள் வீசிவிட்டு வந்தார்கள். அங்கே எடுத்த படம் ஸ்டூடியோவில் கொஞ்சகாலம் மாட்டியிருந்தது. ஜேசுதாஸ் வாயருகே கைகளைக் குவித்து நிற்கிறார். அவருக்குக் கண் மூடியிருக்கிறது.

வேலம்மாள் பெரியண்ணனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரைட்டர் மூன்று முறை கூப்பிட்டாரா என்று கேட்கவேண்டும் என்பது அவருக்கும் தோன்றவில்லை, ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு முறை கூப்பிட்டுவிட்டுத் திரும்புகிற மனிதன் இருப்பான் என்பதே அவர்கள் அறியாதது.

"நம்மளும் முட்டாளுங்கதான் மாமா" என்றாள். "அதுல அவிய மேல மட்டும் சொல்லிப் புண்ணியமில்ல. ஆனா ஒண்ணு. என்னைய உட்டுட்டு ஓடுனாருன்னு இனி எவனாச்சும் சொல்லட்டும், நாக்க இழுத்து வெச்சு அறுத்துப்போடறேன்."

"அவன் அங்கதான் கெடக்கறான்னு உனக்கு எப்புடித் தெரியும்?"

"தெரியாதுங்க. இல்லைன்னு சொன்னவியளுக்கும் தெரியாதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. போதும். அருவாள எடுங்க."

மறுபடியும் எஸ்டேட் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். வாரத்தில் வேலையில்லாத நாளில் அவளும் பெரியண்ணனும் நரிப்பள்ளத்துக்குப் போனார்கள். மேல் விளிம்பிலிருந்து உண்ணிப்புதரை வெட்டி இழுத்து ஒரு பக்கமாகப் போட்டுக்கொண்டே இறங்கினார்கள். முள் கிழித்தது, அட்டை ஏறியது. முதல் நாள் பெரியண்ணன் பழக்கத்தில் வாயைத் திறந்து தம்பி பேரைக் கூப்பிடப் போனார். "இப்ப எதுக்குங்க?" என்று அவள் தடுத்தாள். "கூப்புட வேண்டியவிய கூப்புடல. நம்ம வெட்டுவோம்."

வெட்டின இடம் மழைக்குத் தழைத்துவிடும். அடுத்த வருசம் மறுபடி மேலேயிருந்து. ஊரில் சிலர் ஆரம்பத்தில் கூட வந்தார்கள், பிறகு அவரவர் சாமைக்கும் காப்பிக்கும் போய்விட்டார்கள். அவள் வாய் மட்டும் பழையபடி ஆகிவிட்டது. பறிப்பு வரிசையில் அவள் பக்கத்தில் நிற்க மறுபடியும் போட்டி நடந்தது. ரைட்டர் கூப்பிட்ட கூப்பாட்டை அவள் நடித்துக்காட்டினால், கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு ஒருவரையொருவர் பார்க்காமல் குனிந்துகொள்வார்கள்.

தொண்ணூற்று மூன்றில், ஐப்பசி மாதம், வேலம்மாள் காய்ச்சல் கண்டு சில நாள் படுத்திருந்து இறந்துபோனாள். மூன்று மேதைகளும் துக்கத்துக்கு வந்தார்கள், அதையும் சொல்லவேண்டும். மாலை வாங்கி வந்திருந்தார்கள். திரும்பிப் போகும்போது ஜீப்பில் ஏறுமுன், "முக்கியமான சாட்சி போயிடுச்சு" என்று பாலசுப்பிரமணியம் சொன்னதைப் பெரியண்ணன் கேட்டார். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவள் பாடையில் இருந்தாள்.

அந்த வருசம் அவளும் பெரியண்ணனுமாக நரிப்பள்ளத்தில் நடுவில் இருக்கிற பெரிய பாறை வரை வெட்டி இறங்கியிருந்தார்கள். பாறைக்குக் கீழே உள்ள புதர் வெட்டாமல் கிடக்கிறது.